பிளாப்பிக்கு வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போன தலைமுறை நான். இப்போது பிள்ளைகள் அதை மடியில் போட்டுக்கொண்டு மீ கோரெங் சாப்பிடுகிறார்கள். எழுத்துக் கட்டைகளுக்கு இடையில் சம்பல் காய்ந்து கிடக்கிறது, அது பாட்டுக்கு வேலை செய்கிறது. எங்கள் காலத்தில் அந்தக் கதவைத் திறக்கும் முன்னால் கை கழுவியாச்சா என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அவர்தான் எங்கள் தலைமை நூலகர், எங்களுக்கெல்லாம் சார்.

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தேன். இழுப்பறைகளில் இருந்த கார்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் வேலை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கார்டு உண்டு. தலைப்பு, எழுதியவர், எந்த அலமாரியில் இருக்கிறது என்பதற்கான எண், எல்லாம் அதில் இருக்கும். புத்தகம் தேடும் மாணவர் இழுப்பறையை இழுத்து, விரலால் கார்டுகளைத் தள்ளித் தள்ளி, எண்ணைக் கண்டுபிடித்து, அதைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போக வேண்டும். பாதிப் பேர் இழுப்பறையோடு சலித்துப் போய்விடுவார்கள். மீதிப் பேர் சாரிடம் போவார்கள்.

சாரிடம் போவது லேசுப்பட்ட காரியமில்லை. அவருக்குச் செட்டிநாட்டுப் பூர்வீகம். முன்னோர் ஈப்போவில் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள், இவர் மட்டும் வழிதவறிப் புத்தகத்துக்கு வந்துவிட்டார். ஆனாலும் ரத்தம் விடுமா? ஒரு புத்தகத்தை இரவல் கொடுக்கும் முன் ஆளை மேலும் கீழும் பார்ப்பார். எதற்கு வேண்டும், போன தடவை எடுத்ததைப் படித்தாயா, படித்திருந்தால் அதில் என்ன இருந்தது என்று விசாரணை நடக்கும். பதில் பிடித்துவிட்டால் கேட்ட புத்தகத்தோடு கேட்காத புத்தகம் ஒன்றும் கைக்கு வரும். அடுத்த தடவை அதைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். நான் சேர்வதற்கு முன் நடந்தது, கவுண்டரில் இருந்த மலாய் அக்கா சொல்லித்தான் தெரியும். மாணவர்கள் இனி மனிதரிடம் கேட்க மாட்டார்கள், மனிதரிடம் கேட்காதவனுக்குத் தான் கேட்டதே தப்பான கேள்வி என்பது கடைசிவரை தெரியாது என்று கல்லூரி முதல்வரிடம் வாதாடியிருக்கிறார். முதல்வர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குளிர்சாதனத்துக்கும் சேர்த்து அனுமதி வந்திருக்கிறது என்றாராம். அத்தோடு வாதம் முடிந்தது.

ஆளே மாறிப்போனது பெட்டி வந்த அன்றைக்குத்தான். குற்றம் கண்டுபிடிக்க உள்ளே போனவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் வீட்டிலிருந்து பூ அச்சிட்ட ஒரு பாத்தேக் துணி வந்தது, அவருடைய மனைவி தன் சாரோங்கை வெட்டித் தைத்த உறை. காலையில் அவர்தான் அதை விலக்குவார், மாலையில் அவர்தான் போர்த்துவார். சன்னிதித் திரையை விலக்கும் குருக்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு செய்து நான் பார்த்ததில்லை. நான் கிறிஸ்தவப் பெண், பல கோயில்களைப் பார்த்தவள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூசி ஆகாது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதை சார் ஆசாரமாக்கிவிட்டார். செருப்பு வெளியே, கை கழுவ வேண்டும், உள்ளே பேச்சு மெதுவாக. ஈப்போ வெயிலில் அந்த ஓர் அறைதான் குளிர்ச்சி என்பதால் விரிவுரையாளர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கதவுக்கு வெளியே சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். கணிதம் சொல்லிக்கொடுத்த ஒருவர் தன் சப்பாத்து என்று நினைத்து இன்னொருவருடையதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

அந்த அறையில்தான் நான் உட்கார்ந்து தட்டினேன். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, செம்மண் சாலையில் போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் படிவம் முடித்து, டவுனில் தட்டெழுத்து வகுப்புக்குப் போய், வகுப்பிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு.

வந்த வம்பும் அந்த வேகத்தில்தான். கார்டுகள் முடிந்தால் வேலையும் முடியும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி அப்பாவுக்கு ஆள் வந்து போயிருந்தது. ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் ஒரு வாடகை வீடு பிடித்து இருவரையும் கூட்டி வருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தற்காலிக ஊழியருக்கு எந்த வீட்டுக்காரர் சாவியைக் கொடுப்பார்? நிரந்தர வேலை வேண்டும். வேலையைப் பிரமாதமாக முடித்துக் காட்டினால் மேலிடம் பார்த்து மயங்கி என்னை நிரந்தரமாக்கிவிடும் என்று நம்பினேன். அரசாங்கத்தைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சாருக்கு நன்றாகவே தெரியும். அதனால் என்னை மெதுவாக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார்டுகளை மொத்தமாகத் தரமாட்டார், பூக்காரி பூவை அளக்கிற மாதிரி கிள்ளிக் கிள்ளித் தருவார். காலையில் கொடுத்ததை முடித்துவிட்டுப் போய் நின்றால், ஏற்றியதை மறுபடி சரிபார் என்பார். சரிபார்த்துவிட்டேன் என்றால், டீ குடித்தாயா என்பார். குடித்துவிட்டேன் என்றால், கண்ணுக்கு ஓய்வு கொடு, அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமாம் என்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், நான் வேலை செய்வது பிடிக்கவில்லையா என்று கேட்டேவிட்டேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மலாய் அக்காதான் போட்டு உடைத்தார். சுங்காய் என்ற ஊரில் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர், தமிழ் எங்களைவிடச் சரளமாக வரும்.

"நீ ரொம்ப ராஜின்லா, தங்கச்சி. இப்படி ராஜினா அடிச்சா சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவே. அந்த சார் உனக்காகத்தான் கார்டை ஒளிச்சு வைக்கிறாரு, உனக்குப் புரியலையா?"

ராஜின் என்றால் சுறுசுறுப்பு. புரியத்தான் செய்தது. ஆனால் வேகமாக வருகிற கையை மெதுவாக்கச் சொன்னால் எப்படி? அதைவிட, ஒளித்து வைத்துச் சோறு போடுவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. சார் சாப்பிடப் போன நேரத்தில் இழுப்பறையை நானே திறந்து கார்டுகளை அள்ளிக்கொண்டு வந்து தட்டினேன். பூசாரி இல்லாத நேரத்தில் பிரசாதத்தை நானே அள்ளிக்கொண்ட மாதிரி என்று அக்கா சிரித்தார்.

தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் தப்பின. கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அந்த அலமாரி கார்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மற்றதெல்லாம் ஏறிவிட்டது. பிளாப்பி என்று சொல்லுவோமே, சதுரமாக, அப்பளம் போல வளையும் கறுப்புத் தட்டு, அவற்றில் மொத்த நூலகமும் அடங்கியது. கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி எடுத்து இரும்பு அலமாரியில் பூட்டி வைத்தேன். கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி அடுத்த வாரம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வரட்டும், வந்து அசந்து போகட்டும் என்று நான் இருந்தேன்.

இடையில் சரஸ்வதி பூஜை வந்தது.

வருஷா வருஷம் நூலகத்தின் பின்னறையில் சார் அதைச் செய்வார். அரசாங்க இடம் என்பதால் சத்தமில்லாமல், சாம்பிராணி குறைவாக, ஜன்னல் திறந்தபடி. வாழை இலையில் பொரி, கடலை, சுண்டல், நடுவில் தம்பூனிலிருந்து வந்த பெரிய பம்பளிமாசு. முத்திரைக் கட்டை, தட்டெழுத்து இயந்திரம், கத்திரிக்கோல், முக்கியமான சில புத்தகங்கள், எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு வைத்ததை மறுநாள் காலை மறுபூஜைக்கு அப்புறம்தான் தொடலாம். அன்று புத்தகம் கேட்டு வரும் மாணவர்களை சார் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார். அக்கா அவர்களை மெதுவாகக் கவுண்டரின் அந்தப் பக்கத்துக்குக் கூப்பிட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, சுண்டலைக் கிண்ணங்களில் அள்ளிக் கல்லூரி முழுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர.

இந்த வருஷம் கம்ப்யூட்டரையும் கும்பிட வேண்டும் என்றார் சார். அதுதான் இனி நம்முடைய புத்தகம் என்றார். அதற்குத் தமிழே தெரியாதே என்று நான் சீண்டினேன். ஆசீர்வாதம் வாங்கத் தெரிந்தால் போதும் என்றார். பெட்டியைத் தூக்கி வர முடியாது, அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, பிளாப்பிகளை மட்டும் இலைக்குப் பக்கத்தில் வைப்போம் என்று முடிவாயிற்று. நானே அவற்றைக் காகித உறையோடு அடுக்கி வைத்துவிட்டுச் சுண்டல் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நான் போன பிறகு நடந்ததை அக்கா சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். உறைக்குப் பொட்டு வைத்தால் அது உறைக்குத்தானே போகும் என்று சார் யோசித்திருக்கிறார். ஒவ்வொரு பிளாப்பியையும் உறையிலிருந்து எடுத்தார். பொட்டு எங்கே வைப்பது? மேலே காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் வைத்தால் எழுத்து அழியும். கீழே நீள்வட்டமாக ஒரு திறப்பு, அதற்குள் பழுப்பாகப் பளபளவென்று ஏதோ தெரிகிறது. அதுதான் முகம் என்று சார் தீர்மானித்துவிட்டார். குழைத்த சந்தனத்தை அந்த முகத்தில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டர் வாயைத் திறந்து படிப்பதே அந்தத் திறப்பைத்தான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரும்பு அலமாரியில் இரண்டாவது பிரதி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும் என்று அக்காவிடம் கேட்டாராம். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. சாவியை அவரே எடுத்துக் கொடுத்தாராம்.

மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து, பாத்தேக் துணியை விலக்கி, முதல் பிளாப்பியை சார் தன் கையாலேயே உள்ளே விட்டார். பெட்டி தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போட்டது. பச்சை எழுத்தில் ஏதோ வந்தது, அது நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். இரவு முழுக்கக் காய்ந்த சந்தனம் வட்டமாகத் தேய்ந்து போயிருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் பொட்டு. இரண்டாவது பிரதி இருக்கிறதே என்று அலமாரிக்கு ஓடினேன். அது அங்கே இல்லை, இலைக்கு அந்தப் பக்கம் மங்களகரமாக உட்கார்ந்திருந்தது. சார் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளே போனது.

கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து ஒரு சீனர் வந்தார். பிளாப்பியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். குங்குமத்தைக் காட்டி, இது மிளகாய்த்தூளா என்று மலாயில் கேட்டார். சார் இல்லை என்று தலையாட்டினார். அதற்குமேல் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பெட்டியைக் கழுவித் துடைத்துச் சரிசெய்யலாம், தட்டுகள் எல்லாம் செத்துப்போயின என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். என் கைவேகம், என் திமிர், என்னுடைய புந்தோங் வீடு, எல்லாவற்றுக்கும் மேல் அந்த மனிதர் சந்தனம் பூசிவிட்டார். வெளியே வந்து, அதிகாரி வரும்போது நான் என்னத்தைக் காட்டுவது என்று அவரிடம் கத்தினேன். நூலகத்தில் யாராவது கத்தினால் புருவத்தைத் தூக்குகிறவர், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்கப்புறம் அதிகாரி வரும்வரை அவரோடு நான் பேசவில்லை. கார்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எடுத்துத் தட்டத் தொடங்கினேன், முடியாது என்று தெரிந்தே.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்க்காரர், கோலாலம்பூர்ச் சட்டை, மெல்லிய குரல். சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கழற்றினார். காலுறையில் ஓட்டை இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது, நான் புதிதாக ஏற்றிய கொஞ்சம்தான். மீதி எங்கே என்று கேட்டார்.

சார் மழுப்பவில்லை. தப்பு தன்னுடையது, இந்தப் பெண் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டாள், தான்தான் கெடுத்தேன் என்று மலாயில் தெளிவாகச் சொன்னார். பொட்டு வைத்த பிளாப்பி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். ஓய்வுக்குச் சில வருஷங்களே இருந்த மனிதர், தன் பெயருக்கு ஒரு கரும்புள்ளியை அவரே எடுத்துக் கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் கோபம் குறையவில்லை, கொஞ்சம் வெட்கமும் சேர்ந்துகொண்டது.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். தங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லாரும் சேர்ந்து துஆ ஓதிவிட்டு புளூட் என்ற பசையரிசியில் செய்த மஞ்சள் சோறு சாப்பிட்டார்களாம். ஒருவர் தட்டோடு போய் அதைப் பார்த்ததில் சோற்றுப் பருக்கை எழுத்துக் கட்டைகளுக்குள் போய், ஓர் எழுத்து மட்டும் ஒரு மாதம் வேலை செய்யவில்லையாம். சிரித்து முடித்ததும் வேலைக்கு வந்தார். கார்டுப் பெட்டியை இப்போதைக்கு அப்புறப்படுத்த வேண்டாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுங்கள். இந்தப் பெண்ணுக்கே வேலை தெரியும், இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கிறேன். இரண்டாவது பிரதியை வேறு கட்டடத்தில், சந்தனம் எட்டாத இடத்தில் வையுங்கள் என்றார்.

நான் பிரமாதமாக முடித்துக் காட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவரிடம் கேட்கத் துணிச்சல் வந்தது. நன்றி சொல்லி ஒரு சான்றிதழ் கொடுத்திருப்போம் என்றார். நிரந்தரமாக்க இடம் ஏது, கம்ப்யூட்டர் வந்தபின் ஆள் குறைப்பதுதானே திட்டம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் தேடிப் போனார்.

அந்த ஒரு வருஷ நீட்டிப்பைக் காட்டித்தான் புந்தோங்கில் வீடு பிடித்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரு லோரியில் பாத்திரம் பண்டங்களோடு வந்து இறங்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் மலாய் அக்காவின் கணவருக்கு லூமுட் கடற்படைத் தளத்துக்கு மாற்றல் ஆகி, அக்கா கவுண்டரை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நிரந்தரமாக.

கம்ப்யூட்டர் முழுதாக ஓடத் தொடங்கிய பிறகு சாரின் வேலை போகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். போகவில்லை. மாணவர் ஒரு சொல்லைத் தட்டுவார், திரை நிறையப் புத்தகங்கள் வந்து நிற்கும், எதை எடுப்பது என்று தெரியாமல் முழிப்பார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சார், எதற்கு வேண்டும் என்று ஆரம்பிப்பார். பழைய விசாரணைதான், இப்போது குளிர்சாதனத்தோடு. கம்ப்யூட்டர் சொன்ன புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது சொல்லாத புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதில் அவருக்குத் தனி சந்தோஷம் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற அன்று பின்னறையில் தேநீர் விருந்து. கேக்கும் கறிபாப்பும் முடிந்து, மற்றவர்கள் கலைந்ததும் நான் இருந்துகொண்டேன். வருஷக்கணக்காக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"சார், அன்னிக்கு பிளாப்பிக்குப் பொட்டு வச்சீங்களே, தெரிஞ்சுதானே வச்சீங்க? எனக்கு வேலை போகக் கூடாதுன்னு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. உண்மையாகவே மனம் நொந்துவிட்டார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"என்னம்மா இப்படிக் கேக்கற. சாமி காரியத்துல யாராச்சும் சூது பண்ணுவாங்களா? கெட்டுப்போகும்னு தெரிஞ்சிருந்தா அது பக்கமே போயிருக்க மாட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா அன்னிக்கு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வைக்கறப்ப வேண்டிக்கிட்டது உனக்காகத்தான். இந்தப் பிள்ளைக்கு வேலை போயிரக் கூடாது தாயேன்னு. வேற எதுவும் கேக்கல."

என் வேண்டுதலை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானும் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தேன். அதிகாரி வரும்போது ஒரு பிளாப்பிகூடத் தகராறு செய்யாமல் திறக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்டிருந்தேன். என் வேண்டுதல் பலித்திருந்தால் அதிகாரி கைகுலுக்கிச் சான்றிதழ் கொடுத்திருப்பார், நான் அதை வாங்கிக்கொண்டு சுங்கை சிப்புட் பஸ்ஸில் ஏறியிருப்பேன். இறங்கிப் போக அங்கே வீடு இருந்திருக்காது.